பூங்காவில் விழா எடுப்பதற்கு முன்னால்

கேள்வி: சென்னையில் எங்கள் குடியிருப்பை ஒட்டி மாநகராட்சிப் பூங்கா ஒன்று இருக்கிறது. நலச்சங்கத்தில் சிலர் ஜூன் 5ஆம் தேதி நூறு மரக்கன்றுகள் நட்டு, மேடை போட்டு விழாவாக நடத்தலாம் என்கிறார்கள். அதன் பிறகும் மக்கள் நிகழ்ச்சிகளும் தன்னார்வப் பணிகளும் தொடர வேண்டும் என்பது எங்கள் ஆசை. யாரிடம் அனுமதி வாங்குவது, எதில் தொடங்குவது, பாதியில் நின்றுபோகாமல் இருக்க என்ன செய்வது?

பதில்:

ஜூன் 5ஆம் தேதியை முதலில் கைவிடுங்கள். உலகச் சுற்றுச்சூழல் தினம் என்பதால் ஊரெங்கும் அன்றைக்குத்தான் கன்று நடுகிறார்கள். கேரளத்தில் அது சரி. அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கும் நேரம் அது. சென்னையில் அக்னி நட்சத்திரம் மே 28ஆம் தேதி வாக்கில் முடிந்தாலும் வெயில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, ஜூனிலும் 40 டிகிரியைத் தொடுகிறது. அன்று நட்ட கன்றுக்குத் தினமும் தண்ணீர் விட ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் காவலாளியைத்தான் காட்டுவார்கள்.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. ஆடி, ஆவணியில் மாலை நேரத்து இடிமழையும் உண்டு. ஆவணியில் குழி எடுத்து ஆறப்போட்டு, புரட்டாசியில் நட்டால் அடைமழைக்கு முன் கன்று நிலைகொண்டுவிடும்; கோடை வருவதற்குள் ஆறு மாத வேர் கீழே இறங்கியிருக்கும். இவ்வளவுதான் கணக்கு. விழாவுக்குத் தலைமை தாங்க வருபவருக்கு எந்தத் தேதி வசதி என்பதை வைத்து மரம் நடாதீர்கள்.

நூறு என்ற எண்ணும் வேண்டாம். குடியிருப்புப் பகுதிப் பூங்கா பெரும்பாலும் அரை ஏக்கர், அதாவது ஏறக்குறைய ஒன்பது கிரவுண்டு இருக்கும். பெரிதாக வளரும் மரத்துக்கு இருபதுக்கு இருபது அடியாவது விட வேண்டும். வெறும் பொட்டலாக இருந்தாலே ஐம்பது மரங்களுக்கு மேல் கொள்ளாது. இதில் நடைபாதை, எட்டு வடிவப் பாதை, உடற்பயிற்சிக் கருவிகள், ஊஞ்சல், சறுக்கு, ஏற்கெனவே நிற்கும் மரங்கள் என்று எல்லாவற்றையும் கழித்தால் பத்துக் கன்றுக்கு இடம் மிஞ்சினால் அதிர்ஷ்டம். நூறு நட்டால் தொண்ணூறு சாகும், அல்லது நூறும் நோஞ்சானாக வளரும்.

என்ன மரம் என்பதற்கு 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போனது. இயல்வாகை, மயில்கொன்றை, தூங்குமூஞ்சி என்று வேகமாக வளர்ந்து குடை விரிக்கும் வெளிநாட்டு மரங்கள் தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்தன. சிமெண்டுப் பிடிக்குள் வேர் பரவ இடமில்லாமல் நின்றவை எந்த ஊர் மரமானாலும் விழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும். புங்கம், பூவரசு, நாவல், மகிழம், புன்னை, இலுப்பை ஆகியவை இந்தக் கடற்கரை மண்ணுக்குப் பழகியவை. சீக்கிரம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யாராவது கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைக் கொண்டுவந்தால் மறுத்துவிடுங்கள். குஜராத் அரசு 2023இல் அதை நடவே கூடாது என்று தடை செய்தது.

இலவசமாகக் கிடைக்கும் கன்றை வாங்கும்போது பையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நாற்றங்காலில் ஓராண்டுக்கு மேல் கிடந்த கன்றின் ஆணிவேர் பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றிக் கயிறுபோல் முறுகியிருக்கும். அதை அப்படியே மண்ணில் இறக்கினால், மேலே நான்கு வருடம் செழிப்பாக வளர்ந்து ஐந்தாவது வருடக் காற்றில் வேரோடு பெயரும். பையைப் பிளேடால் கீறி எடுத்து, அடியில் சுருண்ட பகுதியை நறுக்கிவிட்டு நட வேண்டும். பையோடு சேர்த்துப் புதைத்த கன்றுகளும் நம் ஊர்ப் பூங்காக்களில் ஏராளம். புகைப்படம் எடுக்கும் அவசரத்தில் அது நடக்கிறது. குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி. நகரப் பூங்காவில் அந்த ஆழத்துக்குள் செங்கல், ஓடு, டைல்ஸ் துண்டு என்று பழைய வீடு ஒன்றே கிடைக்கும். அதை அள்ளிவிட்டு நல்ல மண்ணும் மட்கிய உரமும் போட வேண்டும். இரும்புக் கூண்டு வைத்தால் அதை எப்போது கழற்றுவது என்பதையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். கழற்ற மறந்த கூண்டு அடிமரத்துக்குள் புதைந்து நிற்பதை எந்தச் சாலையிலும் பார்க்கலாம்.

மரத்தைப் பற்றி இவ்வளவு நீட்டியதற்குக் காரணம், உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதற்குள் இருக்கிறது என்பதுதான். பூங்காவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் இருநூறு பேரைவிட வாரம் தவறாமல் வரும் எட்டுப் பேரே தேவை. கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் நிலையத்துக்கு அருகே, அடையாற்றை ஒட்டிய பொதுப்பணித்துறை நிலம் குப்பைமேடாகக் கிடந்தது. ‘நிழல்’ என்ற அமைப்பு 2006இல் அங்கே நாட்டு மரங்களை நடத் தொடங்கியது. ஞாயிறு காலையில் தன்னார்வலர்கள் கூடுவது, தண்ணீர் விடுவது, களை எடுப்பது, மண்ணை இலைதழையால் மூடி மூடாக்குப் போடுவது என்று ஆண்டுக்கணக்கில் செய்ததில் அது நூற்றுக்கும் மேற்பட்ட வகை மரம், செடி, கொடிகள் உள்ள மரப்பூங்காவாகியது. அங்கே சாதித்தது பெரிய நிதியல்ல, ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்தாலும் கிரிக்கெட் நடந்தாலும் யாராவது நான்கு பேர் வந்து நின்றார்கள்.

இனி அனுமதி. முதலில் நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள். மனைப்பிரிவுகளில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மேம்படுத்துபவர், அதில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். நம் குடியிருப்புப் பூங்காக்களில் பல இப்படி வந்தவை. ‘எங்கள் காலனிப் பூங்கா’ என்று வாய் சொன்னாலும் பத்திரம் மாநகராட்சியின் பெயரில் இருக்கும். அதனால் நலச்சங்கம் அங்கே வீட்டுக்காரரும் இல்லை, வெறும் விருந்தாளியும் இல்லை. 1959ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்தது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதிவாசிகள் போட்ட வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் பகுதிவாசிகள் பக்கம் நின்றது. பூங்கா மருத்துவமனை ஆகக் கூடாது என்றதோடு, அதைக் கேட்க அங்கு குடியிருப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. உங்கள் கையில் இருக்கும் உரிமையின் அளவு இதுதான்: காப்பாற்றக் கேட்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது.

நடைமுறையில் போக வேண்டிய இடம் வார்டு உதவிப் பொறியாளர் அலுவலகம், அதற்கு மேல் மண்டல அலுவலகம். மாமன்ற உறுப்பினரிடமும் சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் தொடங்கிய காரியம் அவருடைய முதல் வருகையிலேயே சிக்கலாகும். கடிதத்தில் ‘பூங்காவை மேம்படுத்த விரும்புகிறோம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் கோப்பு தூங்கும். ‘ஞாயிறுதோறும் காலை 6.30 முதல் 8 மணி வரை, பத்துப் பேர், உதிர்ந்த இலைகளைச் சேகரித்து, கிழக்குச் சுவரோரம் இரண்டு உரக்கூண்டுகளில் மட்கவைக்க அனுமதி வேண்டும், கட்டுமானம் எதுவும் இல்லை, செலவு எங்களுடையது, மூன்று மாதம் கழித்து நீங்கள் பார்வையிட்டு வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறோம்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடப் பொறியாளருக்குத் தயக்கம் குறையும். அதிகாரிக்குப் பயம் வேலையைப் பற்றி அல்ல, நாளைக்கு அது கட்டடமாகி, கோயிலாகி, வழக்காகிவிடுமோ என்பதுதான். ஒப்புதல் வாங்கிய நகலை அங்கேயே சீல் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் நடக்கத் தொடங்கிய, வார்டுக்குள் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக எழுப்புவதும் பலன் தரும். அங்கே பத்துப் பேர் சேர்ந்து ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும், ஆளுக்கொரு விஷயத்தை அல்ல.

இதற்கெல்லாம் முன்னால் சந்திக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்: அந்தப் பூங்காவில் தினமும் வேலை செய்கிற அம்மா. பெரும்பாலான பூங்காக்களைப் பராமரிப்பது ஒப்பந்ததாரர். அவருடைய ஆள்தான் காலையில் பூட்டைத் திறந்து, பெருக்கி, தண்ணீர் விட்டு, இரவு பூட்டுகிறார். எந்த வால்வைத் திறந்தால் எந்தக் குழாயில் தண்ணீர் வரும், எந்த மூலையில் மழைநீர் தேங்கும், எந்தப் புதரில் இரவில் பாட்டில் உடையும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். “இங்கே தோண்டாதீர்கள் சார், கீழே கரண்டு வயர் போகிறது” என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் எந்த வரைபடத்திலும் இல்லாதது. தன்னார்வலர்கள் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து அவரிடம் “அதைக் கொண்டா, இதை எடு” என்று வேலை வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் அடுத்த வாரம் குழாய் ரிப்பேராகத்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நீங்கள் வாரவாரம் பூங்காவைப் பெருக்கத் தொடங்கினால் ஒப்பந்ததாரருக்கு லாபம், அந்த அம்மாவுக்கு வேலை போகும் ஆபத்து. பெருக்குதல், குப்பை அகற்றுதல், தண்ணீர் விடுதல், விளக்கு மாற்றுதல் எல்லாம் ஒப்பந்தத்தில் காசு கொடுத்து வாங்கிய வேலைகள். அவை நடக்கவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதியுங்கள். ஒப்பந்தப்படி எத்தனை பணியாளர்கள், எத்தனை மணி நேரம் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். ஒப்பந்தத்தில் எந்த வரியிலும் இல்லாத வேலையைத்தான் தன்னார்வலர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டால் பாதி மனஸ்தாபம் வராது.

அப்படிப்பட்ட வேலைகளில் நான் முதலிடம் தருவது இலை உரத்துக்கு. மாசி, பங்குனியில் மரங்கள் மொத்தமாக இலை உதிர்க்கும். அதைக் கூட்டிக் குவித்து, மூலையில் தீ வைப்பது நம் ஊர்ப் பழக்கம். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டும் புகை நிற்கவில்லை. எரிக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது, அந்த இலையை எங்கே போடுவது என்று காட்ட வேண்டும்.

செய்முறை எளிது. நான்கடி உயர வெல்டு மெஷ் கம்பிவலையை மூன்றடி விட்டத்தில் உருளையாக வளைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். அடி திறந்தே இருக்கட்டும், மண்புழு மேலே வர வேண்டும். முதலில் குச்சிகளை அரையடிக்குப் பரப்பினால் காற்று புகும். அதன்மேல் ஓரடி இலை, வாளித் தண்ணீர், புளித்த மோர் அல்லது சாணக் கரைசல், காலால் ஒரு மிதி. மறுபடி இலை. நிரம்பிவிட்டதே என்று கவலைப்பட வேண்டாம். இரண்டு வாரத்தில் பாதிக்கு இறங்கும். கையுறை போட்டுக் கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் காய்ந்த இலை சேருங்கள், உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். ஒரு மாதம் கழித்துக் கிளறிவிட்டால், நடுவில் சூடு தெரியும். பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்ட அதுதான் சரியான நாள். தூங்குமூஞ்சி, இயல்வாகையின் பொடி இலைகள் மூன்று மாதத்தில் கறுத்து மண்ணாகிவிடும். மா, புன்னை போன்ற தோல் தடித்த இலைகள் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், அவற்றைத் தனியாக நொறுக்கிப் போடுங்கள். வீட்டுச் சமையல் கழிவை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஒரே ஒரு வீட்டின் சாம்பார் மிச்சம் போதும், எலியும் வரும், எதிர்வீட்டுக்காரரின் புகாரும் வரும். சலித்த உரத்தில் பாதியைப் பூங்காவின் செடிகளுக்கே போட்டுவிட்டு, மீதியை அங்கு வருபவர்களுக்கு ஆளுக்கு ஒரு டப்பா கொடுங்கள். அடுத்த வாரம் கை கொடுக்க ஆள் கேட்டு நீங்கள் அலைய வேண்டியிருக்காது.

இலை வேலையோடு சேர்த்துச் செய்யக்கூடியது கொசுச் சுற்று. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். வாரம் ஒருமுறை கொட்டிவிட்டாலே அந்தச் சங்கிலி அறுந்தது. பழைய டயரில் வண்ணம் அடித்து விளையாட்டுப் பொருளாக்கியிருக்கும் பூங்காக்களில் டயருக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், புழு நெளியும். அடியில் மூன்று துளை போட்டால் தீர்ந்தது. ஒரு டிரில்லிங் மெஷினும் அரை மணி நேரமும் போதும். மரத்தடியில் கழுத்தை நெரிக்கும்படி போட்ட சிமெண்டை உடைப்பதும் நல்ல வேலை, ஆனால் அதைப் பொறியாளரின் ஒப்புதலோடுதான் செய்ய வேண்டும். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டு இருக்கக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் சொன்னதைக் கடிதத்தில் குறிப்பிடலாம்.

நிகழ்ச்சிகளுக்கு வருவோம். சென்னையில் பூங்கா நிகழ்ச்சி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் உள்ள நாகேஸ்வரராவ் பூங்கா. சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனம் பராமரித்துவரும் அந்தப் பூங்காவில், மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் இளம் பிள்ளைகள் மைக் இல்லாமல் கச்சேரி செய்யும் ஏற்பாடு பல ஆண்டுகள் நடந்திருக்கிறது. மைக் இல்லை என்பதுதான் அதன் சூட்சுமம். கேட்க விரும்புபவர் அருகே வந்து உட்கார்கிறார், நடக்க வந்தவர் நடந்துகொண்டே இருக்கிறார், அந்தப் பக்கம் சதுரங்கம் ஆடுபவருக்குத் தொந்தரவில்லை. மைக் வைத்த கணத்தில் பூங்கா முழுவதும் அரங்கமாகிவிடுகிறது. விருப்பமில்லாதவர் வெளியேற வேண்டியிருக்கிறது. அதோடு ஒலிபெருக்கிக்கு எழுத்துமூலம் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை கூடவே கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். மைக்கை விட்டுவிட்டால் காவல் நிலையத்துக்கு நடக்கும் வேலையும் பெருமளவு மிச்சம்.

கதை சொல்லல், பல்லாங்குழி, தாயம், பரமபதம் ஆட்டங்கள், புத்தகப் பரிமாற்றம், விதை பரிமாற்றம், மிதிவண்டி பழுது பார்க்கக் கற்றுத்தரும் காலை என்று மைக் இல்லாமல் நடத்தக்கூடியவை எத்தனையோ. பெங்களூரு கப்பன் பூங்காவில் சிலர் வாரவாரம் பாய் விரித்துச் சும்மா உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். பேச்சில்லை, தலைவர் இல்லை, பதிவுக் கட்டணம் இல்லை. சில மாதங்களில் அது சென்னை உட்படப் பல ஊர்களுக்குப் பரவியது. செலவே இல்லாத நிகழ்ச்சிதான் தொற்றிக்கொள்ளும்.

பறவை பார்த்தலும் அந்த வகைதான். பொங்கலையொட்டித் தமிழகம் முழுவதும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடமாவது நின்று, பார்த்த, கேட்ட பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் ஈ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றினால் போதும், உங்கள் அரை ஏக்கரும் அந்தப் பதிவில் சேரும். பைனாகுலர் கூட வேண்டாம். ‘டொக் டொக்’ என்று செம்பு தட்டும் ஓசை வந்தால் அது செம்மார்புக் குக்குறுவான், ஆலோ அத்தியோ பழுத்திருக்கிறது என்று பொருள். பட்டுப்போன கொம்பின் பொந்தில் புள்ளி ஆந்தை எட்டிப்பார்க்கும்; பட்ட கொம்பையெல்லாம் வெட்டச் சொல்லி மனு கொடுப்பவர்களுக்கு அதைக் காட்டுங்கள், நடைபாதைக்கு மேலே தொங்குவதை மட்டும் வெட்டினால் போதும் என்பது புரியும். வடக்கிலிருந்து வலசை வரும் ஆறுமணிக்குருவி அக்டோபர் வாக்கில் களைத்துப்போய் இப்படிப்பட்ட சின்னப் பூங்காக்களில் இறங்குவதுண்டு. புதருக்கு அடியில் உதிர்ந்த இலையைக் கிளறித்தான் அது இரை தேடும். எல்லா இலையையும் துடைத்தெடுத்துப் பளிச்சென்று வைத்திருக்கும் பூங்காவில் அதற்குச் சாப்பாடு இல்லை. உரக்கூண்டுக்கு இலை சேர்க்கும்போது புதர் அடியை விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையை அங்கேயே தரம் பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடையில் இருப்பவை. சுண்டலைத் தொன்னையில் கொடுங்கள், தண்ணீருக்கு அவரவர் பாட்டில். தீ விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: பூங்காவுக்குள் அடுப்பு வேண்டாம், பந்தல் போட்டால் இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டும். இது மிகையான எச்சரிக்கை அல்ல. 1886 டிசம்பர் 31ஆம் தேதி இதே சென்னையில், பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த ஆண்டிறுதிச் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள்.

அந்த பீப்பிள்ஸ் பார்க் எங்கே என்று இன்று தேடினால் கிடைக்காது. 1859இல் ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் காலத்தில், சென்ட்ரலை ஒட்டி நூறு ஏக்கருக்கு மேல் அமைந்த பூங்கா அது. குளங்களும் பிற்பாடு மிருகக்காட்சிசாலையும் இருந்தன. பிறகு விக்டோரியா பப்ளிக் ஹால் வந்தது, 1900இல் மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் மாளிகையே அங்கே எழுந்தது, விளையாட்டரங்கம் வந்தது. மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூருக்குப் போனது. இப்போது பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்ற பெயர்களும் ஓரத்தில் சில துண்டுப் பசுமையும்தான் மிச்சம். கவனித்துப் பாருங்கள், பூங்காவைத் தின்றவை எவையும் கெட்ட காரியங்கள் அல்ல. மன்றம், சந்தை, நகராட்சி அலுவலகம், விளையாட்டு. அதனால்தான் உங்கள் சங்கத்தில் யாராவது ‘ஒரு மூலையில் சின்னதாக ஒரு அறை’ என்று தொடங்கும்போது, அது நூலகமாகவே இருந்தாலும், நான் கையைப் பிடித்து நிறுத்துவேன். புத்தகத்தைச் சக்கரம் வைத்த பெட்டியில் கொண்டுவந்து மாலையில் எடுத்துப் போகலாம். சுவர் எழுப்பினால் எடுத்துப் போக முடியாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சொன்ன வேலைகளுக்குச் சில ஆயிரங்கள் போதும். ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டு, செலவைப் பூங்கா அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டிவிடுங்கள். ஒருவருடைய சொந்தக் கணக்கில் பணம் சேர்ப்பதில்தான் நட்புகள் முறிகின்றன. விளையாட்டுக் கருவி, வேலி, மழைநீர்க் குளம் போன்ற பெரிய வேலை என்றால் அரசின் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது: மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கையாவது மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பூங்காவையே தத்தெடுக்கும் யோசனையை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். மாதச் சம்பளம் கொடுக்கத் தெம்பு உள்ள நிறுவனங்களுக்குத்தான் அது சரிப்படும். அம்பது வீட்டுச் சங்கம் இரண்டாவது ஆண்டிலேயே திணறும்.

யாருக்காகப் பூங்கா என்ற தகராறு வந்தே தீரும். காலையில் நடப்பவர்கள் பிள்ளைகள் பந்து விளையாடக் கூடாது என்பார்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் மதியம் மர நிழலில் டிபன் பாக்ஸைத் திறந்தால் சிலருக்கு முகம் சுருங்கும். உணவு டெலிவரி செய்யும் பையன் பெஞ்சில் கண்ணயர்ந்தால் ‘வெளியாட்கள்’ என்ற வார்த்தை வாட்ஸ்அப் குழுவில் வரும். அடையாள அட்டை கேட்க வேண்டும், மதியம் பூட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதுவார்கள். இதில் நான் நடுநிலை வகிக்கத் தயாரில்லை. பத்திரம் மாநகராட்சியின் பெயரில் இருக்கிறது, பராமரிப்பு வரிப்பணத்தில் நடக்கிறது, எனவே யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். சொந்தமாக மொட்டைமாடியும் ஏசி அறையும் இல்லாதவருக்குத்தான் மதிய நேரத்து மரநிழல் அதிகம் தேவை. பந்து விளையாட்டுக்கு மட்டும் நேரம் வகுக்கலாம். நடப்பவர்கள் எட்டு மணிக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளைகள் மாலையில்தான் வருகிறார்கள். உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் மோதலே இல்லை என்பது தெரியவரும். உங்கள் ஞாயிறு வேலைக்கும் அந்த ‘வெளியாட்களை’ அழையுங்கள். மண்வெட்டி பிடிக்கவும் கொத்தவும் தெரிந்தவர்கள் அவர்களில்தான் அதிகம். ஐ.டி. அலுவலகத்திலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்குக் கடப்பாரையை எந்தக் கோணத்தில் இறக்குவது என்பதை அவர்களில் ஒருவர்தான் சொல்லித்தர வேண்டியிருக்கும்.

நின்றுபோகாமல் இருப்பதற்கு வழி கேட்டீர்கள். தொடக்கத்தில் முப்பது பேர் வருவார்கள், மூன்றாவது மாதம் ஆறு பேர் மிஞ்சுவார்கள். அது தோல்வி அல்ல, அந்த ஆறு பேருக்குத் தகுந்த அளவில் வேலையைச் சுருக்காததுதான் பல குழுக்களை முடித்திருக்கிறது. நேரத்தை மாற்றாதீர்கள், வாரத்தையும் மாற்றாதீர்கள். யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு உறுதிசெய்யும் வழக்கம் வேண்டாம். வந்தவர்கள் செய்துவிட்டு எட்டு மணிக்கு டீ குடிக்கப் போகட்டும். பள்ளி மாணவர்களைக் கொண்டுவந்தால் பெருக்க விடாதீர்கள். உரக்கூண்டின் சூட்டை அளப்பது, மரத்தின் சுற்றளவை நாடா வைத்துக் குறிப்பது, எந்த வாரம் எந்த மரம் பூத்தது என்று எழுதுவது போன்ற பொறுப்புகளைக் கொடுங்கள். கையுறையும் முதலுதவிப் பெட்டியும் கட்டாயம். இலைக் குவியலுக்குள் உடைந்த பாட்டில் இருக்கும், சமயத்தில் பாம்பும் இருக்கும், அதனால் வெறுங்கையால் அள்ளக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே ஆள் தலையில் சுமந்திருந்தால், அவர் வேலை மாறி வேறு ஊருக்குப் போகும் அன்று எல்லாம் நின்றுவிடும். எனவே நூறு பக்க நோட்டு ஒன்றை முதல் வாரமே வாங்குங்கள். எந்த வால்வு எந்தக் குழாய்க்கு, கருவிகள் வைத்திருக்கும் பெட்டியின் இரண்டாவது சாவி யாரிடம், அனுமதிக் கடிதத்தின் தேதியும் எண்ணும், எந்தக் கன்று எந்த மாதம் நட்டது, அதன் கூண்டை எந்த ஆண்டு கழற்ற வேண்டும் என்பதையெல்லாம் அதில் எழுதுங்கள். நோட்டை யார் வீட்டிலும் வைக்காமல், கருவிப் பெட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள், ஐப்பசி மழையில் நனைந்துவிடும்.